சொந்த ஐடி டீம் இருக்கும்போது வெளியாள் வந்து செக்யூரிட்டி ஆடிட் செய்வது எதற்கு? எம்.டி. கேட்கிறார், என்ன சொல்வது?

கணபதி_ஐடி:

வணக்கம். கோவையில் பம்பும் மோட்டாரும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஐடி பொறுப்பில் இருக்கிறேன். எனக்குக் கீழே இரண்டு பேர். ஆபீஸ், ஃபேக்டரி சேர்த்து நூற்றைம்பது கம்ப்யூட்டர் இருக்கும். ஒரு ஈஆர்பி (கம்பெனியின் ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்), டாலி, டீலர்கள் ஆர்டர் போடுவதற்கு ஒரு வெப் போர்ட்டல், அப்புறம் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷின்கள். அதில் நாலைந்து இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகின்றன.

போன மாதம் ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவர் நீளமான கேள்விப் பட்டியல் அனுப்பினார். பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டேன். "கடந்த 12 மாதங்களில் உங்கள் தகவல் பாதுகாப்பைச் சுயேச்சையான ஒருவர் பரிசோதித்தாரா, அறிக்கையின் சுருக்கத்தைத் தர முடியுமா" என்ற இடத்தில் நின்றுவிட்டது. மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினேன். ஒன்று அறுபதாயிரம். ஒன்று நாலரை லட்சம். மூன்றாவது, எங்களுக்கு ஃபயர்வால் விற்றவர்கள். இலவசமாகவே செய்து தருகிறோம் என்கிறார்கள்.

எம்.டி. பணத்துக்குத் தயங்குகிற ஆள் இல்லை. அவர் கேட்பது வேறு. "நம்ம சிஸ்டத்தைப் பற்றி உங்களை விட வேறு யாருக்குத் தெரியும்? ஃபயர்வால், ஆன்டிவைரஸ் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் ரின்யூவல் கட்டுகிறோம். அப்புறம் முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு எல்லாக் கதவையும் திறந்து காட்டுவானேன்?" இதற்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும் என்று மட்டும் சொன்னால், "அப்படியானால் அறுபதாயிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிறவர் நாற்பது பக்கத்துக்குக் குறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பதில் சொல்ல நாங்கள்தான் நிற்க வேண்டும் என்ற கவலை எனக்கும் என் பையன்களுக்கும் உண்டு. இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதைத் தாண்டி, கம்பெனிக்கு இதில் என்ன கிடைக்கும்?

பற்றுவரவு:

ஐடி எனக்குத் தெரியாது, நான் கணக்குத் தணிக்கைப் பக்கம். ஆனால் உங்கள் எம்.டி.க்குப் பழக்கமான விஷயத்திலிருந்தே பேச்சைத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் இருக்கும், நல்ல ஆட்களாகவே இருப்பார்கள். இருந்தும் வெளி ஆடிட்டர் கையெழுத்து இல்லாத பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த பேங்கிடமும் கடன் லிமிட் கேட்க முடியாது. கம்பெனியின் ஊழியர் அதே கம்பெனியின் ஆடிட்டராக இருக்கக் கூடாது என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 141-ஆம் பிரிவு சொல்கிறது. அக்கவுன்டன்ட் மேல் சந்தேகப்பட்டு வைத்த விதி இல்லை இது. எழுதியவரே சரிபார்த்த கணக்கை நம்பி வெளியில் இருக்கும் ஒருவர் பணம் போட மாட்டார். ஜெர்மனிக்காரரும் அந்த இடத்தில்தான் இருக்கிறார். தன்னுடைய டிராயிங், விலை, ஆர்டர் எல்லாம் உங்கள் சர்வரில் இருக்கிறது, அது பத்திரமாக இருக்கிறது என்று உங்கள் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து அவர் எப்படி நம்புவார்?

பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 வருஷத்துக்கு மேல் நீடிக்க முடியாது, மாற்றியே ஆக வேண்டும். பழகிய கண்ணுக்குச் சில விஷயங்கள் படாமல் போகும் என்பதை எங்கள் தொழில் ஒப்புக்கொண்டு வெகு நாளாகிறது. ஃபயர்வால் விற்றவரின் இலவச ஆடிட்டைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அவர் விற்ற பொருள் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று அவரே எழுதித் தரும் காகிதம் அது.

வைகைக்கரை:

முதலில் ஒன்று: நான் சென்னையில் இந்த ஆடிட், பென் டெஸ்ட் (அனுமதியோடு திருடனைப் போல நுழைந்து பார்க்கும் சோதனை) வேலை செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"உங்களை விட வேறு யாருக்குத் தெரியும்" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. உங்கள் சிஸ்டம் எப்படி ஓட வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வருகிறவருக்கு அது தெரியாது, அதனால் அவர் எதையும் இருப்பதாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். உங்கள் டீலர் போர்ட்டலையே எடுத்துக்கொள்வோம். நான் வந்தால் இரண்டு டீலர் லாகின் கேட்பேன். ஒன்றில் நுழைந்து ஒரு இன்வாய்ஸைத் திறப்பேன். மேலே முகவரியில் 20417 என்பது போல ஒரு எண் இருக்கும். அதை 20418 என்று மாற்றி என்டர் தட்டுவேன். எத்தனையோ போர்ட்டல்களில் அடுத்த ஊர் டீலரின் இன்வாய்ஸ், அவருக்குக் கொடுத்திருக்கும் டிஸ்கவுன்ட் சதவீதத்தோடு அப்படியே வந்து நிற்கும். வெப் மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட, முக்கியக் குறைகளின் 2021 பட்டியலில் முதலிடத்தில் இருப்பது இந்த வகைக் குறைதான். ஃபயர்வால் இதைத் தடுக்காது. முறையாக லாகின் செய்த ஒரு டீலர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார், அதற்குத் தெரிவது அவ்வளவுதான். போர்ட்டலை எழுதிய பையன் நல்ல பையனாகவே இருப்பான். அவன் திரையில் லிங்க் உள்ள இன்வாய்ஸ்களைக் க்ளிக் செய்து பார்த்திருப்பான். லிங்க் இல்லாததை எதற்குத் தட்டிப் பார்க்கப் போகிறான்?

அப்புறம் பேக்கப். எங்கே போனாலும் "தினமும் எடுக்கிறோம் மேடம்" என்பார்கள், எடுக்கவும் செய்வார்கள். எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்பேன். நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டியில். அந்த நாஸுக்கு எந்த லாகின்? டொமைன் அட்மின், கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஆளும் கணக்கு. அப்படியென்றால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க்காரன் கையில் அட்மின் பாஸ்வேர்டு கிடைக்கும் அந்த நிமிஷமே பேக்கப்பும் அவன் கையில். கடைசியாக எப்போது முழு ஈஆர்பியையும் ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள் என்று அடுத்துக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குத் தேதி இருக்காது.

ஒரு நூற்பாலையில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கேட்டில் இருக்கும் எடைமேடைக்கு ஒரு கம்ப்யூட்டர். எடைமேடை சாஃப்ட்வேர் போட்டவர் ரிமோட்டில் வந்து போவதற்காக அதில் எனிடெஸ்க் வைத்து, கம்பெனிப் பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்டும் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் ஈஆர்பி சர்வர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருந்தது. ஐடி ஆட்களின் பட்டியலில் அது இல்லவே இல்லை, ஏனென்றால் வாங்கியது பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட். அந்த ஐடி டீம் திறமையானது, தங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒழுங்காக பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட்டிருந்தது. பட்டியலில் இல்லாததைப் பட்டியலை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும் முகவரிகளை முதலில் எண்ணினோம், அதனால் கண்ணில் பட்டது.

பெரிய கம்பெனியிலும் இதே கதைதான். அமெரிக்காவில் எக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் 2017-இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களைத் திருட்டுக் கொடுத்தது. ஓட்டை அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில். அதற்கான பேட்ச் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்கு மெயில் போட்டார்கள், ஆனால் அந்த மெயில் பட்டியல் பழையது, பேட்ச் போட வேண்டியவருக்கே போய்ச் சேரவில்லை. மார்ச் நடுவில் ஸ்கேனும் செய்தார்கள். அந்த ஸ்கேன் மேல் ஃபோல்டரை மட்டும் பார்த்தது, ஸ்ட்ரட்ஸ் உள் ஃபோல்டரில் இருந்தது. "ஒன்றும் இல்லை" என்று வந்தது. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் ஆகியிருந்ததால் அதற்கும் எதுவும் தெரியவில்லை. ஜூலைக் கடைசியில் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. இதில் யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை என்பதை உங்கள் எம்.டி.யிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் வேலை முடிந்தது என்று நம்பினார்கள். மெயில் போய்ச் சேர்ந்ததா, ஸ்கேன் சரியான இடத்தைப் பார்த்ததா, கருவி உண்மையில் பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று வேறொருவர் வந்து கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கவலை. நீங்கள் எத்தனை முறை மேலே எழுதிக் கேட்டும் நடக்காத விஷயங்கள் சில இருக்கும். மெயிலுக்கு டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு), ஃபேக்டரி நெட்வொர்க்கைத் தனியாகப் பிரிப்பதற்கு ஒரு நல்ல சுவிட்ச், பேக்கப்புக்கு வேறொரு இடம். அவற்றையெல்லாம் ஆடிட்டர் வந்த முதல் நாளே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். எதையும் மறைக்காமல் சொல்லும் ஐடி ஆள் கிடைத்தால் எங்களுக்கு வேலை பாதி குறையும், அறிக்கையில் அது தெரியும். எந்த ஆபத்து எவ்வளவு பெரியது, சரி செய்ய என்ன ஆகும் என்று ஒரு மூன்றாம் ஆள் எழுதி, அது போர்டு மேஜைக்குப் போகும்போது பணம் ஒதுக்கப்படுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நல்ல அறிக்கையில் ஆள் பெயர் வராது. "விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்குகளை நீக்க நடைமுறை இல்லை" என்று வரும், "இன்னார் நீக்கவில்லை" என்று வராது. முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

"கதவைத் திறந்து காட்டுவானேன்" என்பதற்கு: வேலை தொடங்குமுன் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். எந்தெந்த முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில் என்று எழுதிய அனுமதிக் கடிதத்தில் எம்.டி. கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதம் எங்களுக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு விரோதம். அறிக்கையைச் சாதாரண மெயிலில் அனுப்பக் கூடாது. சோதனையில் எடுத்த உங்கள் தரவை எப்போது அழிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதைப் பற்றியெல்லாம் கேட்டதும் தடுமாறுகிற நிறுவனமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. அறுபதாயிரத்துக்கு வருபவர் அனேகமாக ஒரு ஸ்கேனரை ஓடவிட்டு, அது துப்புவதைத் தன் லெட்டர்ஹெட்டில் ஒட்டித் தருவார். ஸ்கேனர் பழைய பேட்ச்களைக் கண்டுபிடிக்கும், அதுவும் தேவைதான். ஆனால் மேலே சொன்ன இன்வாய்ஸ் எண்ணை அது மாற்றிப் பார்க்காது, எடைமேடைக் கம்ப்யூட்டர் யாருடையது என்று கேட்காது. நாலரை லட்சக்காரரும் அதையே செய்யக்கூடும், அதனால் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெயர்களை நீக்கிய மாதிரி அறிக்கை ஒன்று கேளுங்கள். நேரில் வந்து செய்யப் போகும் ஆள் யார், அவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். குறைகளைச் சரி செய்த பிறகு மறுபடி வந்து பார்ப்பது அந்த விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது, பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள்.

போர்ட்_443:

மேடம் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் மறுபக்கமும் வர வேண்டும். ஆடிட் செய்த கம்பெனிகளும் விழுந்திருக்கின்றன. அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 நவம்பர், டிசம்பரில் 4 கோடி கார்டு விவரங்கள் போயின. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், செப்டம்பரில், கார்டு பாதுகாப்புத் தரத்தில் தேறியதாக அவர்களுக்குச் சான்று கிடைத்திருந்தது. திருடர்கள் வந்தது கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்தக்காரரின் லாகின் வழியாக.

நெதர்லாந்தின் டிஜிநோட்டார் இன்னும் மோசம். இணையதளங்களுக்கு, இது அசல் தளம்தான் என்று டிஜிட்டல் சான்றிதழ் கொடுப்பதே அவர்கள் தொழில், முறையாகத் தணிக்கை ஆன நிறுவனம். 2011-இல் உள்ளே நுழைந்தவர்கள் கூகுள் பெயரில் உட்பட ஐந்நூறுக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. பிறகு ஃபாக்ஸ்-ஐடி என்ற நிறுவனம் போய்ப் பார்த்தபோது, சான்றிதழ் சர்வர்கள் எல்லாம் ஒரே விண்டோஸ் டொமைனில் இருந்தன, ஒரே பாஸ்வேர்டில் அத்தனையையும் அடைய முடிந்தது, அந்தப் பாஸ்வேர்டும் வலுவானது இல்லை, சர்வர்களில் ஆன்டிவைரஸ் இல்லை. அந்த செப்டம்பரிலேயே திவால்.

அந்தக் குறைகளைப் பார்க்க மேதை வேண்டாம். அப்படியானால் முன்பு வந்த தணிக்கையாளர்கள் எதைப் பார்த்தார்கள்? நாலரை லட்சம் கொடுத்துவிட்டு "நாம் பாஸ்" என்று எம்.டி. நிம்மதியாகத் தூங்கினால் முன்பை விட ஆபத்துதான்.

அரசலாறு:

தம்பி, நான் பேங்கில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்துக்காரன் என்பதால் 2018 பிப்ரவரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்கிலிருந்து, நாடுகளுக்கிடையே பேங்குகள் பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின, மொத்தம் 20 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. உத்தரவு போனதும் ஒப்புகைச் செய்தி அச்சாகி வரும் பிரிண்டரைத் திருடர்கள் முதலிலேயே முடக்கிவிட்டார்கள். காலையில் வந்த ஊழியர்கள் சிஸ்டம் கோளாறு என்று நினைத்தார்கள். கணக்கு ஒத்துப் பார்க்கும்போது வெளிப்பட்டது. இரண்டு வருஷம் முன்பு, 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் இதேபோலப் பிரிண்டர் வேலை செய்யவில்லை. அங்கே போனது 8.1 கோடி டாலர்.

அதன் பிறகு ஸ்விஃப்ட் என்ன செய்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது. கட்டாயப் பாதுகாப்பு விதிகளை எழுதி, ஒவ்வொரு பேங்கும் அவற்றைப் பின்பற்றுவதாகத் தானே உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று 2017-இல் தொடங்கினார்கள். தானே எழுதிக் கொடுத்தால் போதும். 2021-இலிருந்து அது போதாது என்றாகிவிட்டது. சுயேச்சையான ஒருவர் மதிப்பிட்டு ஆதரித்தால்தான் உறுதிமொழி செல்லும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேங்குகளை வைத்து நடத்துகிறவர்கள் அனுபவத்தில் வந்து சேர்ந்த முடிவு இது.

இதில் எம்.டி.க்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தியும் இருக்கிறது. சுயேச்சை என்றால் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்விஃப்ட் சொல்லவில்லை. பாதுகாப்பை நடத்துகிற பிரிவுக்குக் கீழே வராத உள் தணிக்கைப் பிரிவும் செய்யலாம். பெரிய பேங்கில் அப்படி ஒரு பிரிவு இருக்கும். மூன்று பேர் உள்ள ஐடி டீமில் அது நடக்காது என்பதால் உங்களுக்கு வெளியாள்தான் வழி.

வைகைக்கரை:

போர்ட்_443, நீங்கள் எழுப்பிய கேள்வி எனக்கும் முக்கியமானது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தணிக்கையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோமோ அதைத்தான் பார்ப்பார். நாங்கள் ஸ்கோப் என்று சொல்வோம். எங்கள் தொழிலின் பெரிய பலவீனம் இது. தேறினால் சான்று கிடைக்கும் என்று வந்துவிட்டால் ஸ்கோப்பைச் சுருக்கச் சொல்லி அழுத்தம் வரும். "ஃபேக்டரியை விட்டுவிடுங்கள், அது பழைய மெஷின், குறை வந்தே தீரும்." இந்த வாக்கியத்தை எத்தனையோ கம்பெனியில் கேட்டிருக்கிறேன். கேட்டு ஒப்புக்கொள்ளும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட முடியாது.

அந்தப் பழைய மெஷின்கள் விஷயத்தில் தைவானின் டிஎஸ்எம்சிக்கு நடந்ததைப் பாருங்கள். உலகத்துக்கே சிப் செய்து தருகிறவர்கள். 2018 ஆகஸ்டில் புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்ததால் வன்னாக்ரை வகை வைரஸ் ஃபேக்டரிகளுக்குள் பரவி உற்பத்தி நின்றது. அந்த வைரஸ் நுழையும் விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது 2017 மார்ச்சில். பாதித்ததில் பேட்ச் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள் இருந்தன. கணபதி_ஐடி, உங்கள் சிஎன்சி மெஷின்களை ஸ்கோப்புக்கு வெளியே தள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஸ்கேன் செய்வது போல அவற்றை ஸ்கேன் செய்ய விடவும் கூடாது. பழைய கன்ட்ரோலர்கள் அந்த வேகத்துக்குத் தாங்காமல் நின்றுவிடும். ஓடும் நேரத்தில் நின்றால் வேலைப்பொருள் போகும், ஆளுக்கும் ஆபத்து. ஃபேக்டரிப் பகுதியில் நெட்வொர்க் படத்தை வைத்துக்கொண்டு, கேபிளைப் பின்தொடர்ந்து, யாரிடமிருந்து யாருக்குப் போக முடிகிறது என்று கையால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடிட் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதன் விலைக்கும் எக்விஃபாக்ஸே சாட்சி. 2015-இலேயே அவர்களுடைய தணிக்கை, 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் 90 நாட்களைத் தாண்டியும் அடைக்கப்படாமல் கிடக்கின்றன என்று எழுதியது. அமெரிக்க செனட் குழு பின்னர் வெளியிட்ட அறிக்கை, அவை சரியாயினவா என்று பார்க்க மறுதணிக்கை நடக்கவே இல்லை என்கிறது. கண்டுபிடிப்பு சரி, எழுதியதும் சரி. திரும்பி வந்து பார்க்க யாருமில்லை. ரீடெஸ்ட் விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள் என்றேனே, அது இதற்காகத்தான்.

தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 5.35 என்ற கட்டுப்பாடு சுயேச்சையான மறுபரிசீலனை பற்றியதுதான். அது திட்டமிட்ட இடைவெளிகளில் நடக்க வேண்டும், பெரிய மாற்றம் வந்தாலும் நடக்க வேண்டும் என்கிறது. புது ஈஆர்பி வாங்கினால், போர்ட்டலைக் கிளவுடுக்கு மாற்றினால், போன வருஷ அறிக்கை பழையதாகிவிட்டது என்று அர்த்தம். எம்.டி.க்கு அறிக்கை கொடுக்கும் நாளில் முதல் பக்கத்தில் எதைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் எழுதும் அறிக்கைகளில் அந்தப் பத்தியை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன். "பாஸ்" என்ற சொல்லையும் எங்கும் எழுத மாட்டேன்.

கணபதி_ஐடி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அரசலாறு ஐயா சொன்ன ஸ்விஃப்ட் விஷயத்தையும், பற்றுவரவு சார் சொன்ன கம்பெனிச் சட்டத்தையும் எம்.டி.யிடம் சொன்னேன். பேங்க் ஆடிட் பேச்சு வந்ததும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எக்விஃபாக்ஸ் கதையில் மெயில் பட்டியல் பழையது என்ற இடத்தில் நிறுத்தி, நம்மிடம் அப்படிப் பட்டியல் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

செய்யலாம் என்கிறார். ஆனால் இந்த வருஷம் டீலர் போர்ட்டலும் பேக்கப்பும் மட்டும், மற்றது அடுத்த வருஷம், வருஷக் கடைசி நெருங்குவதால் ஈஆர்பியைத் தொட வேண்டாம் என்கிறார். வைகைக்கரை மேடம், இந்த அளவு போதுமா? நீங்கள் சொன்னது போல ஸ்கோப்பைச் சுருக்கிய கதையாகிவிடுமா?

வைகைக்கரை:

முதல் வருஷத்துக்கு மோசமில்லை. வெளியிலிருந்து தெரிவது போர்ட்டல்தான், விழுந்தால் எழுந்து நிற்க வைப்பது பேக்கப்தான், சரியான இரண்டைத்தான் எடுத்திருக்கிறார். வருஷக் கடைசியில் ஈஆர்பியைத் தொடாமல் இருப்பதும் நியாயம். ஜெர்மனிக்கு அனுப்பும் சுருக்கத்தில் எது பார்க்கப்பட்டது, எது அடுத்த வருஷத்துக்கு என்று தேதியோடு எழுதிவிடுங்கள். மறைக்காதவரை அது சுருக்கிய கதை ஆகாது. என் அனுபவத்தில் வாடிக்கையாளர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: ஆள் பட்டியல். எச்.ஆரிடமிருந்து கடந்த இரண்டு வருஷத்தில் வேலையை விட்டவர்களின் பட்டியல், உங்களிடமிருந்து டொமைன், விபிஎன், மெயில், போர்ட்டல் அட்மின் கணக்குகளின் பட்டியல், அப்புறம் ரிமோட்டில் வந்து போகும் வெண்டர்களின் பட்டியல். ஒத்துப் பார்க்க அரை நாள் போதும், ஈஆர்பியைத் தொடவே வேண்டாம். டீலர் போர்ட்டலில் கூட, கடையை மூடிவிட்ட டீலர்களின் லாகின் உயிரோடு இருக்கும்.

ஆடிட்டர் வருவதற்கு முன்னால் நீங்களே ஒன்றைப் பார்த்துவிடலாம். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை (சிஸ்டத்தில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலிட்ட வகைச் சம்பவம் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஃபயர்வாலில் எத்தனை நாள் லாக் இருக்கிறது என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மட்டும் வைத்திருக்கும் கருவிகள் நிறைய. அப்படி இருந்தால், பழைய சர்வர் ஒன்று சும்மா கிடக்குமே, அதை லாக் சேமிக்க வைத்துவிடுங்கள். டொமைனில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.